இருபத்தைந்தாம் நாள் ரத்தம்

மகளின் மூன்று மில்லி ரத்தத்துக்கு ஆறாயிரத்து இருநூறு கேட்டார்கள். ரெங்கராஜ் ஐயாயிரத்து எண்ணூறுக்குப் பேசி முடித்திருந்தார்.

காந்தி மார்க்கெட்டில் மைதாவும் ரவையும் ஆட்டாவும் மூட்டை மூட்டையாய்த் தள்ளிவிடுகிற மனுஷன். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை இன்று தில்லை நகர் கிளினிக்கில், டாக்டர் ரஷீதாவின் மேசைமேல் ஓங்கிப் போட்டார். பக்கத்திலேயே போன ஏப்ரலில் வேறொரு லேப் கொடுத்ததையும் போட்டார்.

"அவன் கோதுமை ஒத்துக்காத நோய் இல்லைங்கிறான். இவன் இருக்குங்கிறான். ஒரே புள்ள, ரெண்டு தராசு. என் கடையில இப்படி நிறுத்தா சும்மா விடுவாங்களா டாக்டரம்மா?"

அடுத்த நாற்காலியில் யமுனா. பதினொரு வயது. எட்டு வயதுக்காரிக்கு வாங்கிய சட்டை இன்னும் தொளதொளவென்று தொங்கியது.

டாக்டர் ரிப்போர்ட்டை அப்படியே வைத்துவிட்டு, அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"சார், இப்ப எடுத்தது மரபணு டெஸ்ட். நோய் இருக்குன்னு இது சொல்லாது, வரதுக்கு இடமிருக்குன்னு மட்டும்தான் சொல்லும். நூறு பேர்ல இருபது முப்பது பேருக்கு அந்த இடம் இருக்கு. அதுல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் நோய் வரும். இல்லைன்னு வந்திருந்தா நான் கோதுமைப் பேச்சையே விட்டிருப்பேன்."

"அந்த இடம் எந்த வீட்டுலேர்ந்து வந்துது? எங்க வீட்டுல எல்லாம் கல்லைத் தின்னு செரிக்கிற ஆளுங்க. இவ அம்மா அமிர்தம் வீடுதான் மொத்தமும் நோஞ்சான்."

"தெரியணும்னா உங்க ரத்தத்தையும்தான் எடுக்கணும். எழுதவா?"

ரெங்கராஜ் பேனாவைப் பார்த்தார். அந்தச் சரக்கை அத்தோடு விட்டுவிட்டார்.

"நோயைக் காட்டுறது ஏப்ரல்ல எடுத்த டெஸ்ட்தான்," என்றார் டாக்டர். "ஆனா கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாத்தான் அது காட்டும். அப்ப பாப்பா சாப்பிட்டுதுங்களா?"

அவ்வளவுதான். ரெங்கராஜுக்குக் காது வரை சிவந்தது.

மாவு வியாபாரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அவர் கடையில் பெருக்கித் தள்ளுகிற மாவில் ஒரு தெருவே சப்பாத்தி தின்னும். உடம்பு தேறட்டும் என்று இந்தப் பெண்ணுக்குத் தினம் ராத்திரி இரண்டு சப்பாத்தி, நெய் தடவி, முன்னால் உட்கார்ந்து ஊட்டாத குறையாய்த் தின்ன வைப்பவர் அவர். மேசையைத் தட்டி இதையெல்லாம் சொன்னார். வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏப்ரல் லேப்காரனை வக்கீல் வைத்து இழுப்பேன், அவன் போர்டைக் கழற்றாமல் விடமாட்டேன் என்றார்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டின் மூலையை மட்டும் படித்தார். "ஏப்ரல் ரெண்டு."

யமுனா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, அப்ப நாம சமயபுரத்துக்குப் பட்டினி இருந்தோம்ல."

ரெங்கராஜின் கை மேசைமேலேயே நின்றது.

பச்சைப் பட்டினி. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி இருபத்தெட்டு நாள், ஜனங்களுக்காக மாரியம்மனே சமைத்ததைத் தொடாமல் இருக்கிற விரதம். மகளின் வயிற்று வலி தீர வேண்டும் என்று அவரே நேர்ந்துகொண்டது. மகளும் கூடவே இருந்தாள். துள்ளு மாவு, பானகம், இளநீர், நீர்மோர், பழம். துள்ளு மாவும் பச்சரிசிதான், கோதுமை இல்லை. சப்பாத்திக் கட்டை பரண் ஏறிவிட்டது.

ரத்தம் எடுத்தது இருபத்தைந்தாம் நாள்.

வெறும் வயிற்றில் வந்தீர்களா என்று லேப்பில் கேட்டார்கள். "இருபத்தஞ்சு நாளா வெறும் வயிறுதாங்க" என்று இவர்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும்.

"தராசு சரியாத்தான் இருந்திருக்கும் சார்," என்றார் டாக்டர். "தட்டுல சரக்கு இல்லை."

இப்போது விடாமல் சப்பாத்தி சாப்பிடுவதால் அந்த ஏப்ரல் டெஸ்டை இன்றைக்கே திரும்ப எடுத்துவிடலாம் என்றார். முடிவு வந்து, தேவைப்பட்டால் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் வரை சப்பாத்தியை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார்.

நர்ஸ் ஊசியோடு வந்து தொகையைச் சொன்னாள். ரெங்கராஜ் பர்ஸைத் திறந்து எண்ணாமல் நீட்டினார். யமுனா பழகிய கையை நீட்டினாள். ஊசி இறங்கும்போது முகம் சுளிக்கவில்லை.

அவருக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது. லேப்காரன் கையை விட்டுப் போய்விட்டான். அமிர்தத்தின் வீடும் போய்விட்டது. அம்மனைத் திட்டலாம் என்றால், அந்த இருபத்தெட்டு நாள் குழந்தையைக் காப்பாற்றியவளே அவள்தான்.

விரதம் முடிந்த அன்று சமயபுரத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் யமுனா கேட்டாள்: "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கலாமாப்பா?"

என்ன பக்தி பார் என்று பூரித்துப் போனார் ரெங்கராஜ். மார்க்கெட்டில் ஒரு கடை விடாமல் சொன்னார். அன்று ராத்திரி தன் கையாலேயே சப்பாத்தியைப் பிய்த்து அவள் வாயில் வைத்தார்.

அன்றிலிருந்து இன்றுவரை இருநூற்றுத் தொண்ணூறு நாள்.

ஒரு நாளைக்கு இரண்டு சப்பாத்தி. ஐநூற்று எண்பது.

தட்டில் ஒரு விள்ளல்கூட மீதி வைக்க அவர் விட்டதில்லை.