வெள்ளிக்கிழமைக் கிரீடம்

சிவப்புச் சாயக் கிண்ணத்தைச் சீதாலெட்சுமி இரண்டு கைகளாலும் தூக்கினாள். டீச்சர் தன்னைப் பார்க்கிறாரா என்று ஒருமுறை நிச்சயப்படுத்திக்கொண்டாள். பிறகு, பக்கத்துப் பையன் வாலண்டைன் வரைந்திருந்த யானையின் தலையில் நிதானமாகக் கவிழ்த்தாள்.

"டீச்சர்! என் யானை செத்துப் போச்சு!"

"இன்னிக்கு வியாழக்கிழமை லா," என்று துடைக்கும் துணியோடு வந்தாள் உதவி ஆசிரியை டொரத்தி. "மூணு நாளு ஏஞ்சல். வியாழக்கிழமை ஆனா இவளுக்குப் பேய் பிடிச்சிருது."

மீனலோசனி டீச்சர் பெருமூச்சு விட்டபடி, சுவரில் தொங்கிய அட்டையில் சீதாவின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டார். பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பாலர் பள்ளியை நடத்துபவர் அவர். சிங்கப்பூரில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து பிள்ளைகளைத் திட்டுவதில்லை, சைக்காலஜி பண்ணுகிறார்.

நல்ல பிள்ளையாக இருந்தால் நாளுக்கு ஒரு நட்சத்திரம். திங்கள் முதல் வியாழன் வரை நான்கும் சேர்ந்தால், வெள்ளிக்கிழமை தங்கக் காகிதக் கிரீடம். அதைப் பிள்ளையின் அம்மா வந்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுத் தன் கையாலேயே சூட்ட வேண்டும்.

பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. லாயர் பாலசுந்தரத்தின் மகன் ஒருத்தியைக் கிள்ளினான், நட்சத்திரம் போயிற்று. வாலண்டைனின் அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டே விளக்கேற்றிவிட்டுப் போனாள். "எனக்கு எல்லாரும் ஒண்ணுதான் டொரத்தி, தராசு மாதிரி," என்பார் டீச்சர். தராசுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டியது போலத்தான் அப்போது இருப்பார்.

அன்று பள்ளி விட்டதும், சீதாவின் அம்மா வழக்கம்போல கேட்டுக்கு வெளியே, சாக்கடைக்கு அந்தப் பக்கமே குடையோடு நின்றாள்.

"உள்ள வாங்களேன் அக்கா, வெயில் கொளுத்துது," என்றாள் டொரத்தி.

"பரவால்லம்மா. இங்கயே நிக்கிறேன்."

அடுத்த வாரம் டீச்சர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். தம் முறையில் ஒரு பிள்ளை தோற்பதா? வியாழக்கிழமை காலையிலேயே சீதாவைத் தம் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். சாயம் எட்டாது, தண்ணீர் எட்டாது, கிள்ளுவதற்குக்கூட ஆள் கிடையாது.

பள்ளி விடும் நேரத்தில் நான்காவது நட்சத்திரத்தை அவரே ஒட்டினார். "நாளைக்குக் கிரீடம் யாருக்கு? நம்ம சீதாலெட்சுமிக்கு!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். செத்த யானையை மன்னித்துவிட்டு வாலண்டைனும் பலமாகத் தட்டினான்.

சீதா அட்டையிடம் ஓடினாள். எக்கி நின்று நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டினாள். பாதிதான் பிய்ந்து வந்தது. "வேணாம் டீச்சர்! நான் கெட்ட பிள்ளை டீச்சர்! எடுத்துருங்க!"

டீச்சர் சைக்காலஜியை மறந்து மண்டியிட்டார். "ஏம்மா அழற? நாளைக்கு உங்கம்மா வந்து விளக்கேத்தி, உனக்குக் கிரீடம் வைப்பாங்க. அவங்களுக்கு எவ்வளவு சந்தோசமா இருக்கும்!"

"எங்கப்பா செத்துட்டாருல்ல டீச்சர்..."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

வேறு யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்று, சீதா டீச்சரின் காதருகே வந்தாள்.

"சரஸ்வதி பூசையன்னிக்கு அம்மா விளக்கேத்த வந்தப்போ, 'நீங்க தொடக்கூடாது, தள்ளி நில்லுங்க'ன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"