இசக்கிக்கு என்ன தகுதி?

செண்பகவல்லிக்குக் கல்லூரியில் கொடுத்திருந்த மூக்குக்கண்ணாடி, யார் எதைச் சொன்னாலும் அவர் தலைக்கு மேல் ஒரு விளக்கைக் காட்டும். ஆய்வாளர் எழுதி, சக ஆய்வாளர்கள் சரிபார்த்த தகவல் என்றால் நீலம். ஊர்ப்பேச்சும் வாரப்பத்திரிகைச் சமாச்சாரமும் மஞ்சள். முனைவர் பட்டம் வாங்கும்வரை மஞ்சளுக்குக் காது கொடுப்பதில்லை என்று அவள் இருந்துவிட்டாள்.

கணவன் இசக்கி வாயைத் திறந்தாலே மஞ்சள்தான். ஆனால் ஆள் லேசுப்பட்டவன் இல்லை. ஆய்விதழ்களைத் தேடிப் படித்துவிட்டுச் சோற்றுத்தட்டோடு வந்து நிற்பான்.

"பட்டினியும் ஞாபகமறதியும், மூன்றாம் தொகுதி, நாற்பதாம் பக்கம். ஏட்டி, சாப்பிடு."

நீலம் எரியும். அவளும் சாப்பிடுவாள்.

இன்று தட்டை வைத்துவிட்டுத் தயங்கி நின்றான். சொல்ல வந்ததற்கு எந்த இதழிலும் கட்டுரை கிடைக்கவில்லை அவனுக்கு.

"நீ சிரிச்சு ரொம்ப நாளாச்சுட்டி."

மஞ்சள் மினுங்கியது. "இந்தத் துறையில் இவருக்கு என்ன தகுதி?" என்று கண்ணாடி அவள் காதோரம் கேட்டது.

செண்பகவல்லி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தத் துறையில இவங்கள விட்டா வேற ஆளே கிடையாது" என்றாள்.