பத்து நாள் நீட்டிப்பு

போரில் இறந்த சிப்பாய்களின் சிலைகளுக்கும் வருடத்தில் இருபது நாள் லீவு உண்டு. லான்ஸ் நாயக் பரந்தாமனின் சிலை இந்த வருடம் லாரியில் வந்து இறங்கியது. கூட வந்த ஹவில்தார், பரந்தாமனின் மனைவி சரளாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சல்யூட் அடித்த முழங்கை வாசல் நிலையில் இடித்ததால், சிலையைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது.

"வீட்டுக்கு வந்தும் கைய இறக்க மாட்டேன்றாரு" என்று சொல்லி, சரளா அந்தக் கையிலேயே ஈரத்துண்டைக் காயப்போட்டாள்.

இருபதாம் நாள் லாரி வந்தது. பட்டாளத்துக் குடும்பங்களில் எல்லோரும் சொல்லும் பொய்யை அவளும் சொன்னாள்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல சார். அவருக்கு இன்னும் பத்து நாள் லீவு குடுங்க."

ஹவில்தார் ஃபைலைப் புரட்டினார். "கடைசி லீவுல அவரும் இதையே சொல்லித்தாம்மா பத்து நாள் கேட்டிருக்காரு."

"அன்னிக்கு இல்லேன்னுட்டாங்க சார். திரும்பிப் போன நாலாம் நாளே..."

"அந்த லீவு முந்தாநேத்துதான் சாங்ஷன் ஆயிருக்கு."

சரளா சிலையின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சா? பத்து நாள் குடுத்துட்டாங்க. இப்பவாவது கைய இறக்குங்க."