‘போகாதே’ என்கிற பொத்தான்

கைபேசி விளையாட்டில் அண்ணன் படகேறப் போகும் கட்டம் வந்தது. தங்கையாக ஆடிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் முன்னால், திரையில் இரண்டு பதில்கள் ஒளிர்ந்தன: ‘போ’, ‘போகாதே’. எப்போதும்போல ‘போகாதே’யை அமுக்கினாள்.

பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த கணவன் இருதயராஜ் சலித்துக்கொண்டான். “எதை அமுக்குனாலும் அவன் போயிருவான். முடிவ முன்னாடியே எழுதி வச்சிட்டு, நம்மகிட்ட ஒரு பேச்சுக்குக் கேக்கானுவ.”

“தெரியும். ‘போ’ன்னா அப்படியே போயிருதான். ‘போகாதே’ன்னா வாசல்ல நின்னு ஒரு தடவ திரும்பிப் பாக்கான்.”

“அதுக்கா திரும்பத் திரும்ப வெளாடுத?”

திரையில் அண்ணன் திரும்பி நின்றான். அடுத்த பொத்தானை அமுக்கும்வரை அப்படியே நிற்பான். அவள் அமுக்கவில்லை.

கீழே கார் ஹாரன் அடித்தது. கப்பலேறினால் இருதயராஜ் இனி அடுத்த மழைக்காலத்தில்தான் வருவான். “வாரேன்” என்று பெட்டியைத் தூக்கினான். வழக்கமாக அவள், “சரி, போய்ட்டு வாங்க” என்பாள். இன்று ஒன்றும் சொல்லவில்லை. அவன் படியிறங்கத் தொடங்கினான்.

“போவாதிய” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அசதியான குரலில்.

படிக்கட்டில் ஷூ சத்தம் நின்றது.