எழுபத்தைந்து அடிக் கயிறு

சாவியைத் திருகப் போன ராமசுப்புவின் கையை வெள்ளத்துரை எட்டிப் பிடித்து நிறுத்தினார்.

தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எஞ்சினுக்குள் இருக்கிற ரப்பர் சக்கரம் ஒரு நிமிடத்தில் கருகிவிடும். கடலில் நிற்கிற படகு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தன் சூட்டைத் தானே ஆற்றிக்கொள்ளும். இந்தப் படகு நிற்பது காரியாபட்டிக்குப் பக்கத்தில், கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில்.

மதுரைக்காரர் ஒருவர் இங்கே குளம் வெட்டி விடுதி நடத்தலாம் என்று வாங்கிய படகு. இரண்டு வருடம் ஓடியது. குளம் வற்றியதும் ட்ரெய்லரில் ஏற்றிக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனார். இப்போது விற்றுக்கொடுக்கிற வேலை காவல்காரர் ராமசுப்புவுக்கு. வாங்க வந்திருப்பவர் வெள்ளத்துரை.

வேறு வழியில்லாமல், வீட்டில் குடிக்கப் பிடித்து வைத்திருந்த டிரம் உருண்டு வந்தது. பின்னாலேயே ராமசுப்புவின் மனைவி சங்கரம்மாளும் வந்தாள்.

"நம்ம ஊருக்கு வந்தா போட்டுக்குக்கூட நாமதான் தண்ணி ஊத்தணும் போல" என்றாள்.

டிரம்முக்குள் எஞ்சின் உறிஞ்சுகிற குழாயை அமுக்கிப் பிடித்திருந்த ஜோதிகா சிரித்துவிட்டாள். வெள்ளத்துரையின் ஒரே மகள். இருபத்தொரு வயது. தை பிறந்தால் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை.

அவசரமே அதுதான். அவர்கள் ஊர்க் கண்மாய் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இந்தக் கார்த்திகையில் நிறைந்து கிடக்கிறது. தண்ணீர் மாசி வரைக்கும் நிற்கும். மகள் அதுவரை நிற்க மாட்டாள்.

துபாயில் பதின்மூன்று வருடம் அவர் இதே மாதிரிப் படகுதான் ஓட்டினார். வெள்ளிக்கிழமை வந்தால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிள்ளைகள் காலில் பலகையை மாட்டிக்கொண்டு, படகு இழுக்கிற கயிற்றைப் பிடித்தபடி தண்ணீருக்கு மேல் எழுந்து நிற்பார்கள். விழுவார்கள், மறுபடி எழுவார்கள். அப்பா அப்பா என்று ஏதேதோ பாஷையில் கத்துவார்கள். அந்தக் கூப்பாட்டில் ஒன்றுகூட அவருக்கானது இல்லை.

ஒரே ஒரு தடவை தன் பிள்ளையை அப்படி இழுக்க வேண்டும்.

இதைச் சொன்ன அன்று அவர் மனைவி முருகலட்சுமி, கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் பார்க்கப் போவார்கள், இவுக போட்டு பார்க்கப் போறாக என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். ஜோதிகா சிரிக்கவில்லை. தனக்கு நீச்சல் தெரியாது என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அவளாகவே, வீட்டில் கிடந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்து, முழங்காலை எப்படி மடக்க வேண்டும் என்று கேட்டாள்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வெள்ளத்துரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சத்தத்தில் பிசிறில்லை. பின்பக்கக் குழாயிலிருந்து சூடாகக் கொட்டிய தண்ணீர் வீணாகக் கூடாதென்று, சங்கரம்மாள் மண்வெட்டியால் ஒரு கோடு இழுத்து முருங்கைக்குத் திருப்பிவிட்டாள்.

எஞ்சினை அணைத்துவிட்டு அடிப்பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். எங்கேயும் பலகை ஊறிப்போன மந்தச் சத்தம் கேட்கவில்லை. தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கயிறு கட்டுகிற கம்பத்தைப் பிடித்து உலுக்கினார்.

"முடிச்சிரலாமாண்ணே?" என்றார் ராமசுப்பு.

கண்ணாடி மட்டும் பாக்கி என்றார் வெள்ளத்துரை.

இந்தப் படகில் ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. பின்னால் வருகிற பிள்ளையை முன்னால் இருக்கிற கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். பதின்மூன்று வருடத்துப் பழக்கம்.

கயிற்றைக் கம்பத்தில் கட்டி, கைப்பிடியை ஜோதிகாவிடம் கொடுத்தார். எழுபத்தைந்து அடி. விறைப்பாகிற வரைக்கும் பின்னாலேயே போகச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாள். கயிறு விறைத்ததும் சொல்லிக்கொடுத்தபடியே முழங்காலை மடக்கி நின்றாள்.

வெள்ளத்துரை கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்சம் கீழே சாய்த்தார். மேலே தூக்கினார். துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது என்றார் ராமசுப்பு.

"இன்னுங் கொஞ்சம் பின்னால போம்மா."

"கயிறு தீந்துருச்சேப்பா."

"கயித்த விட்டுட்டுப் போ."

ஜோதிகா ஒரு கணம் தயங்கினாள். கைப்பிடியைத் தரையில் வைத்துவிட்டு, அவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள். முருங்கையைத் தாண்டினாள். போதுமா என்று சாடையில் கேட்டாள். அவர் கையை அசைத்தார். வற்றிய குளத்தின் கரையைத் தாண்டினாள். கம்பிவேலி முதுகில் இடிக்கிற வரைக்கும் போய் நின்றாள்.

கண்ணாடியில் இப்போது, விமான நிலைய வாசலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக அவர் விட்டுவிட்டுப் போன அளவுக்குச் சின்னவளாக இருந்தாள்.

அங்கிருந்து அவள் கையை ஆட்டினாள்.

வெள்ளத்துரை திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தே கையை ஆட்டினார்.