ஐம்பதாவது ஆள்

"இன்னும் ஒரே ஒரு ஆளுதான். அஞ்சு மணிக்குள்ள சிக்கல்லேன்னா உனக்க கத முடிஞ்சுது, பாத்துக்கோ" என்றார் ஜஸ்டஸ்.

ஆர்த்திகா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு இருபது.

வடசேரியில் ஒரு கோழிக்கடையின் மாடி. 'கோச் ஜே உலகப் பயிலகம்' என்பது அந்த ஒற்றை அறைதான். ஜஸ்டஸ் மேலே கோட்டும் டையும், கீழே சாரமும் உடுத்தியிருந்தார். கேமரா இடுப்புக்குக் கீழே இறங்குவதில்லை. முதுகுக்குப் பின்னால் துணியில் துபாய் மினுங்கியது. தெரிந்த வித்தையை ஆன்லைன் வகுப்பாக்கி விற்பது எப்படி என்று அவர் ஒரு வகுப்பு விற்றுவந்தார். அந்த வகுப்பைத் தவிர வாழ்க்கையில் அவர் வேறெதையும் விற்றதில்லை.

அதற்கு விளம்பரம் எழுதுவது ஆர்த்திகா. வீட்டில் 'கம்ப்யூட்டர் கம்பெனி' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். இன்றைக்கு ஐம்பது பேர் சேர்ந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நாளை முதல் வர வேண்டாம். திரையில் நாற்பத்தொன்பது என்ற எண் அரைமணி நேரமாகச் சிலைபோல நின்றது.

"இங்க பாரு பிள்ளே. ஒருத்தன் பணம் கட்டுத பக்கம் வரைக்கும் வாறான், திரும்பிப் போறான். மூணு தடவ ஆச்சு. ஏன் போறான்?"

"அறுபதாயிரம்லா சார். யோசிப்பாங்க."

"யோசிச்சாக் குடியா முழுகிரும்? அவன் வீட்டுல கேக்கப் போறான்! பொண்டாட்டியும் மவளும் வேண்டாம்னு சொல்லுவாளுவ. அங்கதான் நம்ம யாவாரம் கவுருது."

மேசைமேல் அவளது போன் மறுபடியும் அதிர்ந்தது. பார்க்காமலே கவிழ்த்து வைத்தாள்.

"நான் சொல்லித்தந்தது மறந்து போச்சா? ஊருக்கே எழுதாத. உனக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆள மனசுல நிறுத்து. அவனுக்கு எங்க வலிக்கும்னு தெரியும்லா? அங்க தொட்டு எழுது."

ஆர்த்திகா கண்ணை மூடினாள். ஒருவர் வந்து நின்றார். கையில் வாழைக்கன்று. தன்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லையே என்ற வாட்டம் முகத்தில். அவளுடைய விரல்கள் ஓடத் தொடங்கின.

'நாற்பது வருடம் மண்ணில் நின்று கற்றதை உங்களிடம் யாராவது கேட்டதுண்டா? வீட்டு ஓடு இன்னும் ஒரு மழை தாங்கும். உங்கள் அறிவு அதுவரை காத்திருக்காது.'

ஜஸ்டஸ் எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். "எனக்கே கண்ணுல தண்ணி வருதுட்டி. செரி, வீட்டுல கேக்கப் போறவன எப்பிடி நிறுத்துவ?"

கீழே ஒரு கோழி கத்திவிட்டு அடங்கியது. ஆர்த்திகா மேலும் இரண்டு வரி சேர்த்தாள்.

'இப்போது வீட்டில் சொல்லாதீர்கள். ஜெயித்த பிறகு சொல்லுங்கள்.'

புதிய விளம்பரம் போனது. நாலு நாற்பத்தைந்து. நாற்பத்தொன்பது பேர். நாலு ஐம்பத்திரண்டு. அதே நாற்பத்தொன்பது. ஜஸ்டஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவர் போகும் வேகத்தில் துபாய் ஆடியது.

நாலு ஐம்பத்தெட்டுக்கு எண் மாறியது. ஐம்பது.

"விழுந்துட்டான்! அதே ஆளுதான், மூணு தடவ வந்துட்டுப் போனவன்! நீ நிரந்தரம் பிள்ளே!" என்று குதித்தார் ஜஸ்டஸ். 'இடங்கள் நிறைந்தன' என்று அறிவித்த கையோடு, நாளைய 'கடைசி ஐந்து இடங்க'ளுக்கான கடிகாரத்தையும் ஓடவிட்டார்.

படியிறங்கும்போதுதான் ஆர்த்திகா போனைப் பார்த்தாள். பூதப்பாண்டியிலிருந்து அப்பா மூன்று முறை கூப்பிட்டிருந்தார். உடனே அழைத்தாள்.

"அப்பா, எனக்கு வேல நிரந்தரமாயிட்டு!"

"நல்லது மக்கா, ரொம்ப நல்லது!" அப்பா தாணுமாலயனின் குரலில் அவள் இதுவரை கேட்டறியாத துள்ளல் இருந்தது.

"எதுக்குப்பா கூப்பிட்டீங்க?"

"உன்கிட்ட ஒரு காரியம் கேக்கணும்னு நெனச்சேன். இனி கேக்காண்டாம்."

"செரி, நாளைக்கு ஓடு மாத்த ஆளு வருதுலா?"

"அவன அடுத்த வருசம் வரச் சொல்லிட்டேன்."

ஆர்த்திகாவின் கால் படியிலேயே நின்றது. "ஏம்ப்பா? அதுக்கு வச்சிருந்த ரூவா எங்க?"

அப்பா சிரித்தார்.

"இப்பம் சொல்லப்பிடாது மக்கா. ஜெயிச்ச பெறவுதான் சொல்லணும்."