ஆறாவது குட்டி

பெற்றவள் காலையில் செத்துக் கிடந்தாள். வேர்க்கடலை அளவில் ஐந்து குட்டிகள். பால் இல்லாவிட்டால் சாயங்காலம்வரை தாங்காது. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகளுக்குப் பதினெட்டு வருடமாகத் தீனி வைக்கும் ஆசீர்வாதம், அவற்றைப் பக்கத்துக் கூண்டில் முந்தாநாள் குட்டி போட்டவளிடம் சேர்க்கப் பார்த்தார். வேற்று வாசனை பட்டால் கடித்துப் போட்டுவிடுவாள். அதனால் அவளுடைய மூத்திரத்தில் ஊறிய மரத்தூளை அள்ளி ஐந்தின்மேலும் தடவினார். தன் விரல்களிலும் தாராளமாகப் பூசிக்கொண்டார்.

“என்னண்ணே, செண்ட் பலமா இருக்கு?” என்றாள் ஆய்வு மாணவி நசீமா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

“என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பூசலைம்மா. சத்தம் போடாத, அவ மிரண்டுருவா.”

குட்டிகளைக் கூண்டுக்குள் ஓரமாக வைத்தவர், கையை எடுக்க மறந்துபோனார். அவள் வந்து முகர்ந்தாள். முகர்ந்துகொண்டே இருந்தாள். பிறகு ஒன்றைக் கவ்வித் தன் பஞ்சுக் கூட்டுக்குள் கொண்டுபோனாள். அடுத்ததை, அதற்கடுத்ததை. ஐந்தும் உள்ளே போனபின் மறுபடி வந்து, ஆசீர்வாதத்தின் சுண்டுவிரலை மெல்லக் கவ்விக் கூட்டுப் பக்கம் இழுத்தாள்.

“அண்ணே, கையை எடுங்க!”

“இரும்மா,” என்றார் எண்பத்திரண்டு கிலோ ஆசீர்வாதம், அசையாமல். “இழுத்துப் பார்க்கட்டும்.”